ஒரு நிமிஷம் நின்றால் என்ன நஷ்டம்?

காலை ஐந்தே முக்கால். ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருமுனையை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். எதிர்வீட்டுக்காரர் அப்போதுதான் காரை வெளியே எடுத்திருந்தார். பின்னால் ஸ்கூட்டரில் ஒரு டீச்சரம்மா. கடைசி வீட்டு மதிலிலிருந்து பொத்தென்று ஒரு கறுப்புப் பூனை குதித்தது. அவசரமே இல்லாமல் தெருவின் நடுவுக்கு வந்தது, எங்கள் மூன்று பேரையும் ஒரு பார்வை பார்த்தது, எதிர்ச் சாக்கடைப் பலகைக்கு அடியில் போய் மறைந்தது.

கார் நின்றது. ஸ்கூட்டர் நின்றது. வெட்கத்தோடு சொல்கிறேன், என் காலும் ஒரு கணம் நின்றது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. எதிர்வீட்டுக்காரர் கண்ணாடியைத் துடைத்தார். டீச்சரம்மா கைப்பையில் எதையோ தேடினார். அந்த நேரம் பார்த்து, முன்னாலும் பின்னாலும் பிளாஸ்டிக் தட்டுகளில் பால் பாக்கெட் அடுக்கிய டிவிஎஸ் ஃபிஃப்டி ஒன்று தடதடவென்று வந்து, பூனை போன கோட்டைத் தாண்டிக்கொண்டு போயிற்று. அவ்வளவுதான். கண்ணாடி மூக்கில் ஏறியது, கைப்பை மூடியது, கார் கிளம்பியது.

ஊரிலிருந்து திரும்பியதும் எதிர்வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "நம்பிக்கைன்னு இல்ல சார். ஒரு நிமிஷம் நின்னா என்ன நஷ்டம்?" என்றார். பத்து நிமிஷத்தில் என் கைபேசிக்கு ஒரு செய்தியும் அனுப்பிவைத்தார். பூனைச் சகுனத்துக்குப் பின்னால் இருக்கும் அறிவியலை நம் முன்னோர்கள் அன்றே அறிந்திருந்தார்களாம்.

இந்த இரண்டு வாதங்களுக்கும்தான் இந்தக் கட்டுரை. பூனையைக் கண்டு உண்மையாகவே பயப்படுகிறவரோடு எனக்கு வழக்கில்லை. பயம் யாருக்கும் வரும், எனக்கும் வந்தது. 'நான் நம்பவில்லை, ஆனாலும் நின்றுவிடுகிறேன்' என்கிறவரோடும், 'இதில் அறிவியல் இருக்கிறது' என்கிறவரோடும்தான் பேச வேண்டியிருக்கிறது. இன்று சகுனத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு போவது இவர்கள்தான்.

முதலில் அந்த அறிவியல். செய்தி உங்களுக்கும் வந்திருக்கும். அந்தக் காலத்தில் இரவுப் பயணம் மாட்டுவண்டியில். பூனை குறுக்கே ஓடினால் அதன் கண் இருட்டில் பளபளக்கும். மாடு மிரளும். வண்டி குடை சாயும். ஆகவே வண்டியை நிறுத்தி, மாட்டைத் தட்டிக்கொடுத்து, தண்ணீர் காட்டி, பிறகு கிளம்பச் சொன்னார்கள். அதுவே பின்னால் சகுனம் ஆகிவிட்டது. படித்தால் நியாயமாகத்தான் படுகிறது. படித்துவிட்டு ஒருமுறை மாட்டுவண்டியை நினைத்துப் பாருங்கள்.

பூனையின் கண் தானாக எரிகிற விளக்கு கிடையாது. விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி போல ஒரு படலம் இருக்கிறது. வெளியிலிருந்து வரும் ஒளியை அது வந்த வழியே திருப்பி அனுப்புகிறது. டார்ச்சை நெற்றிக்கு நேராகப் பிடித்தால் பூனையின் கண் ஜொலிக்கும். டார்ச்சைப் பத்தடி தள்ளி இன்னொருவரிடம் கொடுத்தால் ஜொலிப்பு அவருக்குத்தான் தெரியும். நம் வண்டிகளில் அரிக்கன் விளக்கு எங்கே தொங்கியது? வண்டிக்கு அடியில், சக்கரங்களுக்கு நடுவே. அந்த மங்கல் வெளிச்சம் எட்டு மாட்டுக்கால்களைத் தாண்டி முன்னால் போய்ப் பூனையின் கண்ணில் பட்டாலும், திரும்புவது விளக்குக்குத்தான். விளக்குக்குப் பல அடி முன்னால், அதைவிட உயரத்தில் இருக்கிற மாட்டின் கண்ணுக்கு அதில் என்ன பங்கு?

அதுவும் போகட்டும். மாட்டின் கண்ணிலும் அதே படலம் இருக்கிறது. நாய்க்கு இருக்கிறது, ஆட்டுக்கு இருக்கிறது, நரிக்கும் இருக்கிறது. இரவில் வண்டிக்கு முன்னால் அடிக்கடி ஓடுவது நாய்தான். நாய் குறுக்கே போனதற்காக வண்டியைத் திருப்பியவர் யார்? நரி விஷயம் இன்னும் வேடிக்கை. எதிர்பாராமல் காசு வந்தவரைப் பார்த்து, "நரி முகத்துல முழிச்சியா?" என்கிறோம். ஒரே மாதிரி மின்னும் இரண்டு ஜோடிக் கண்களில் ஒன்று யோகம், ஒன்று தோஷம். இதை எந்த ஒளியியல் விளக்கும்?

இன்னொன்று கேட்க வேண்டும். பூனைச் சகுனத்தை எங்கே பார்த்தார்கள்? பட்டப்பகலில், வாசல்படியில், பெண் பார்க்கக் கால்நடையாகக் கிளம்பும்போது பார்த்தார்கள். அங்கே மாடு ஏது? பூனை போனால் உள்ளே வந்து உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போகச் சொன்னார்கள். தண்ணீர் குடித்தது மனிதன். வண்டி குடை சாய்ந்துவிடும் என்பது பயமாக இருந்திருந்தால் 'மூக்கணாங்கயிற்றை இழுத்துப் பிடி' என்று சொல்லியிருப்பார்கள். வண்டியோட்டிகளுக்குச் சொல்லத் தெரியாதா என்ன?

முன்னோர்கள் முட்டாள்கள் இல்லை என்று சொல்லித்தான் இந்தக் கதையைப் பரப்புகிறார்கள். இதைவிட முன்னோர்களை முட்டாளாக்கும் கதை வேறில்லை. மாடு மிரளும் என்று நேராகச் சொல்லத் தெரியாமல், பயமுறுத்தி ஏமாற்றி வழிநடத்தியவர்கள் என்றல்லவா அது சொல்கிறது? அவர்கள் யாரையும் ஏமாற்றவில்லை. சகுனம் என்று நினைத்தார்கள், சகுனம் என்றே சொன்னார்கள். நமக்குத்தான் அது கூச்சமாக இருக்கிறது. ஆங்கில மீடியத்தில் படித்துவிட்டோம், கையில் ஸ்மார்ட்ஃபோன் இருக்கிறது, பூனைக்கு நிற்கவும் வேண்டியிருக்கிறது. அந்தக் கூச்சத்தை மறைக்கத்தான் மாட்டுவண்டி.

இனி அந்த ஒரு நிமிஷத்துக்கு வருகிறேன். நின்று என்ன செய்கிறோம்? காத்திருக்கிறோம். எதற்கு? வேறு யாராவது முதலில் தாண்டட்டும் என்று. சகுனப்படியான பரிகாரமே அதுதான். குறுக்கே போன பூனையின் கெடுதல் முதலில் தாண்டுகிறவரோடு போய்விடும். அடுத்து வருகிறவருக்கு வழி சுத்தம். இதை நம்பி நிற்கிறவர் என்ன செய்கிறார் என்று அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். தனக்கு வரவிருந்த விபத்து, முகம் தெரியாத இன்னொருவனுக்கு வரட்டும் என்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நிற்கிறார். நம்பாமல் நிற்கிறவர், நம்பிக்கையே இல்லாமல் அதே காரியத்தைச் செய்கிறார். இதில் எது மேல் என்று எனக்குத் தெரியவில்லை.

முதலில் தாண்டுகிறவன் யார் என்பதும் தற்செயல் இல்லை. யாருக்கு நிற்க நேரமில்லையோ அவன். பால் போடுகிறவர், பேப்பர் போடும் பையன், குப்பை வண்டி தள்ளுகிற அம்மா. தெருவின் தோஷத்தையெல்லாம் தினமும் விடிவதற்குள் மாதச் சம்பளத்துக்கு அள்ளிக்கொண்டு போகிறவர்கள் இவர்கள்.

'பூனைதானே, விடுங்கள்' என்பவர்களுக்காக ஒரு பட்டியல். வீட்டில் பழைய பஞ்சாங்கம் இருந்தால் சகுன பலன் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். இல்லாவிட்டால் எழுபது வயது தாண்டிய யாரையாவது கேளுங்கள். புறப்படும்போது எதிரே வரக்கூடாதவை: பூனை, எண்ணெய்ப் பானை, விறகுக்கட்டு, காலிக் குடம், ஒற்றைத் தும்மல், மொட்டைத் தலை, ஒற்றைப் பிராமணர், முடி திருத்துபவர், கைம்பெண். வண்ணார் வந்தால் எப்படி என்பதில் வெளுத்த துணியா அழுக்குத் துணியா என்று ஆளுக்கொரு கட்சி. வரலாம் என்பவை: நிறைகுடம், பசு, சுமங்கலி, பிணம். ஆம், பிணம் நல்ல சகுனம். பாடையில் போகிற கணவன் எதிரே வந்தால் காரியம் ஜெயம். மறுநாள் அவன் மனைவி எதிரே வந்தால் காரியம் கெட்டது.

இந்தப் பட்டியலில் பூனை எங்கே நிற்கிறது என்று பாருங்கள். எண்ணெய் சுமப்பவருக்கும் விறகு சுமப்பவருக்கும் தாலி இழந்தவளுக்கும் பக்கத்தில். இது விலங்குகளைப் பற்றிய பட்டியலே அல்ல. யார் எந்த நேரத்தில் யார் கண்ணில் படலாம், படக்கூடாது என்று ஊர் எழுதிவைத்த பட்டியல். அதில் ஒரு விலங்கும் சேர்ந்துகொண்டது. மற்ற பெயர்களை இன்று உரக்கச் சொல்ல முடியாது. நாகரிகம் இடம் கொடுக்காது. பூனையை மட்டும் சொல்லலாம், அது வழக்குப் போடாது. பூனையை வைத்துக்கொண்டிருக்கும்வரை பட்டியலும் உயிரோடு இருக்கும்.

என் அத்தைக்கு இருபத்தொன்பதாவது வயதில் கணவர் போனார். எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டாள். கொல்லைப்புறத்தில் கறுப்பி என்று ஒரு பூனை இருந்தது. வயிற்றில் மட்டும் உள்ளங்கை அளவு வெள்ளை. யாருடைய பூனை என்று கேட்டால் யாருடையதும் இல்லை. சோறு வைப்பது அத்தை.

அப்பாவோ பெரியப்பாவோ வெளியே கிளம்பும் சத்தம் கேட்டால் அத்தை செய்வதைப் பல வருஷம் பார்த்திருக்கிறேன். செருப்பு உரசும் ஓசை வந்ததும் கையிலிருப்பதைக் கீழே வைப்பாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கொல்லைத் திண்ணைக்குப் போய் உட்காருவாள். போகும்போதே கறுப்பியைக் கழுத்தில் கொத்தாகப் பிடித்துத் தூக்கி மடியில் வைத்துக்கொள்வாள். ஒரு கை அதன் முதுகைத் தடவும், இன்னொரு கை அது குதித்து ஓடாமல் அமுக்கிப் பிடித்திருக்கும். வாசல் இரும்புக் கதவு கிறீச்சிட்டுச் சாத்தும் ஒலி கேட்ட பிறகுதான் பிடி தளரும். கறுப்பி உடம்பை உதறிக்கொண்டு தோட்டத்துக்குப் போகும். அத்தை அடுப்படிக்குப் போவாள்.

யாரும் அவளை அப்படிச் செய்யச் சொல்லி நான் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் அவளை ஒரு சொல் கடிந்து சொன்னவர்களும் இல்லை. எல்லோரும் நல்லவர்கள். 'ஒரு நிமிஷம் நின்றால் என்ன நஷ்டம்' என்கிற ரகம். அவர்களுக்கு நஷ்டம் ஒன்றும் இல்லைதான். ஒருநாளைக்கு நாலைந்து முறை, வருஷக் கணக்கில், அந்த நிமிஷங்களை உட்கார்ந்து கழித்தது வேறு ஆள்.

இதெல்லாம் பழைய கதை என்பீர்கள். 2023 ஆகஸ்டில் சென்னை உயர்நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. ஈரோடு மாவட்டத்தில் ஒரு கோயில். அங்கே பூசாரியாக இருந்து இறந்துபோனவரின் மனைவி திருவிழாவுக்குப் போக விரும்பினார். கைம்பெண் வரக்கூடாது என்று தடுத்தார்கள். சட்டத்தின் ஆட்சி நடக்கும் நாட்டில் இதற்கெல்லாம் இடமில்லை, அவரைத் தடுக்கக்கூடாது என்று நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. அந்தத் தடுப்பும் எங்கள் தெருவின் நிமிஷமும் ஒரே பட்டியலிலிருந்து வந்தவை.

அடுத்து வரும் வாதம் தெரியும். 'இது நம் மரபு. மரபை இப்படிக் கொச்சைப்படுத்தலாமா?' மரபு என்றால் எது என்று கேட்கிறேன்.

சகுனம் பார்த்த மரபு உண்டு, மறுக்கவில்லை. விரிச்சி கேட்பது தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. முல்லைப்பாட்டில் முதிய பெண்கள் நெல்லும் மலரும் தூவி, ஊர்ப்புறத்தில் நல்ல சொல்லுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். (அந்தப் பெண்கள் நல்ல சொல் கேட்க நின்றவர்கள், யாரையும் ஒதுங்கச் சொல்லி நிற்கவில்லை.) ஆனால் அதே சங்க காலத்தில் கபிலரும் இருந்தார். புறநானூற்றின் 124ஆம் பாட்டில் மலையமான் திருமுடிக்காரியைப் புகழ வருகிறவர், நல்ல நாள் பார்க்காமல் கிளம்பினாலும், வழியில் பறவை குறுக்கே மறித்தாலும், நேரங்கெட்ட நேரத்தில் உள்ளே நுழைந்தாலும், பேசத் தெரியாமல் பேசினாலும், அவனிடம் போனவர் வெறுங்கையோடு திரும்புவதில்லை என்கிறார். குறுக்கே மறிப்பது அங்கே பறவை, இங்கே பூனை. பலன் கொடுப்பவனைப் பொறுத்தது, பறவையைப் பொறுத்தது அல்ல என்று அன்றைக்கே எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

இதைவிடக் கூர்மையானது 204ஆம் பாட்டு. வல்வில் ஓரியைப் பாடும் கழைதின் யானையார் சொல்கிறார்: பரிசில் கேட்டுப் போனவர்கள் கிடைக்காமல் திரும்பும்போது, தாங்கள் கிளம்பிய பொழுதையும் பார்த்த பறவையையும்தான் பழிப்பார்களே தவிர, கொடுக்காதவனைப் பழிப்பதில்லை. சகுனம் எதற்குப் பயன்படுகிறது என்பதை இவ்வளவு சுருக்கமாக வேறு யாரும் சொன்னதாக எனக்கு நினைவில்லை. கைவிரித்தவன் தப்பித்துக்கொள்ளத்தான் சகுனம். வேலை கிடைக்காததற்குப் பூனை காரணம் என்றால், நேர்முகத் தேர்வுக்கு முன்பே ஆளை முடிவுசெய்துவிட்ட முதலாளி நிம்மதியாகத் தூங்கலாம். லாரி மோதியதற்குப் பூனை காரணம் என்றால், பதினாறு மணி நேரமாக ஓட்டுநரைத் தூங்கவிடாமல் ஓட்டவைத்தவரை யாரும் கேட்க மாட்டார்கள்.

பூனையையே எடுத்துக்கொண்டாலும் இந்த மரபில் அது தலைகுனிந்து நிற்கவில்லை. ஒக்கூர் மாசாத்தியார் குறுந்தொகையில் முல்லைப் பூவுக்கு உவமை தேடும்போது அவருக்குக் கிடைத்தது காட்டுப் பூனையின் சிரிப்பு. வெருகு என்பது அதன் பழைய பெயர். பூனை சிரிப்பதைப் பார்க்க எவ்வளவு நேரம் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்! கம்பர் ராமாயணத்தைத் தொடங்கும்போது அவையடக்கமாகத் தன்னையே ஒரு பூனை ஆக்கிக்கொள்கிறார்: பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடித்துவிட ஆசைப்பட்டுக் கரைக்கு வந்து நிற்கும் பூனை. ஒரு மாபெரும் காவியத்தின் வாசலில் பூனையை நிறுத்துகிறவரிடம் போய், 'ஐயா, உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள்' என்று சொல்வீர்களா?

வைணவத்தில் இன்னும் மேலே போகிறார்கள். தென்கலையார் சரணாகதியை விளக்க எடுத்துக்கொண்டது மார்ஜார நியாயம். குரங்குக் குட்டி தாயை இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். பூனைக் குட்டிக்கு அந்தக் கவலை இல்லை, தாய் வாயால் கவ்வித் தூக்கிக்கொண்டு போகும். அங்கே பூனை யார்? சாட்சாத் பெருமாள். பூனை குறுக்கே போவதற்குப் பயந்து பெருமாள் கோயிலுக்குக் கிளம்பாமல் நிற்பவர், தான் யாருக்குப் பயந்து யாரைப் பார்க்கப் போகிறார் என்பதைக் கொஞ்சம் யோசிக்கலாம். மாமல்லபுரத்துப் புடைப்புச் சிற்பத்தில் முன்னங்கால்களைத் தூக்கித் தவம் செய்கிற பூனையை ஏழாம் நூற்றாண்டுச் சிற்பி கேலியாகத்தான் செதுக்கினான். ஆனால் அவன் கேலி செய்தது போலிச் சாமியாரை. அந்தக் கல்லுக்கு முன்னால் குடும்பத்தோடு நின்று படம் எடுத்துக்கொள்கிறோம், ஒரு தோஷமும் இல்லை.

வங்காளத்தில் குழந்தைகளைக் காக்கும் சஷ்டி தேவிக்குப் பூனைதான் வாகனம். அவள் விரதக் கதை ஒன்று உண்டு. ஒரு வீட்டின் கடைசி மருமகள் திருட்டுத்தனமாகத் தின்பண்டத்தைத் தின்றுவிட்டு, கறுப்புப் பூனைதான் தின்றது என்று பழி போட்டுக்கொண்டே இருந்தாள். பூனைக்கு அடி. அது போய் தேவியிடம் முறையிட்டது. மருமகளுக்குப் பிறக்கிற பிள்ளைகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. கடைசியில் அவள் காட்டில் தேவியின் காலில் விழுந்து, பூனையிடம் மன்னிப்புக் கேட்ட பிறகே பிள்ளைகள் திரும்பின. ஒரே நாடு, அங்கே கறுப்புப் பூனைமேல் பொய்ப்பழி போட்டால் பாவம், இங்கே கறுப்புப் பூனை நடந்தாலே பாவம்.

கறுப்பு என்பதில்கூட எனக்குச் சந்தேகம் உண்டு. எங்கள் பாட்டி நிறம் பார்க்கவில்லை. வெள்ளை, சாம்பல், புலிக்கோடு எது குறுக்கே போனாலும் 'சனியன்' என்று ஒரே அர்ச்சனைதான். கறுப்புக்கென்று தனி மரியாதை, ஆங்கிலக் கதைகளும் பேய்ப் படங்களும் கொண்டுவந்து சேர்த்தது என்று நினைக்கிறேன். ஆங்கிலேயர்களிலேயே பலருக்குக் கறுப்புப் பூனை அதிர்ஷ்டம். மணப்பெண்ணுக்கு வாழ்த்தாக அதன் உருவத்தைக் கொடுப்பார்கள். ஜப்பானிலும் அது நல்லதைக் கொண்டுவரும் பூனை. பூனையின் உடலில் அந்தக் கறுப்பு, ஒரு மரபணுவில் சில எழுத்துகள் விட்டுப்போனதால் வந்தது. அந்த எழுத்துகளுக்கு லண்டன் எது, கும்பகோணம் எது என்று தெரியாது. நம் ஊர்த் தலைவர்களைக் காக்க ஒரு காலத்தில் தலைமுதல் கால்வரை கறுப்பு உடுத்தி வந்த கமாண்டோக்களை 'கறுப்புப் பூனைப் படை' என்றே அழைக்கிறோம். அவர்கள் காருக்குக் குறுக்கே ஓடியபோது அது கௌரவம்!

இந்த இடத்தில் என் கட்சிக்காரர்களையும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். பகுத்தறிவு பேசுகிறவர்கள் விரும்பிச் சொல்லும் ஒரு கதை இருக்கிறது. 1233இல் போப் ஒன்பதாம் கிரகோரி கறுப்புப் பூனையைச் சாத்தானின் வடிவம் என்று ஆணை பிறப்பித்தார், ஐரோப்பா முழுக்கப் பூனைகளைக் கொன்று குவித்தார்கள், எலிகள் பெருகின, அதனால்தான் 1347இல் கொள்ளைநோய் வந்து கண்டத்தையே துடைத்தது. மூடநம்பிக்கைக்குக் கிடைத்த தண்டனை என்று கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் அந்தக் கடிதம் ஜெர்மனியில் சமய விரோதிகள் என்று குற்றம் சாட்டப்பட்டவர்களைப் பற்றியது. அவர்கள் கூட்டத்தில் ஒரு கறுப்புப் பூனை தோன்றுகிறது என்ற வதந்தியை அது அப்படியே எழுதியது. பூனைகளைக் கொல்லுங்கள் என்று அதில் இல்லை. நூறு வருஷத்துக்கு ஐரோப்பாவில் பூனைகள் இல்லாமல் போனதற்குச் சான்றும் இல்லை. பூனைக்குச் செல்லம் கொடுத்த கெய்ரோவையும் அதே கொள்ளைநோய் அதே வேகத்தில் சூறையாடியது. பூனைக்கே அந்த நோய் தொற்றும். 'அவர்கள் பூனையை வெறுத்தார்கள், ஆகவே செத்தார்கள்' என்பது வேறு என்ன, தலைகீழாக மாட்டிய சகுனம்தானே? மாட்டுவண்டிக் கதையை அனுப்புகிறவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு இந்தக் கதையை நாம் அனுப்பக்கூடாது.

'என் அனுபவத்தில் நடந்திருக்கிறது' என்பதுதான் மிச்சமிருக்கும் வாதம். நடந்திருக்கும், இல்லை என்று யார் சொன்னது? 1948இல் அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் பசித்த புறாக்கள் எட்டைக் கூண்டில் வைத்து, அவை என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் குறித்த இடைவெளியில் தீனி விழும்படி செய்தார். கொஞ்ச நாளில் ஆறு புறாக்கள் ஆளுக்கொரு சடங்கைப் பிடித்துக்கொண்டன. ஒன்று கூண்டைச் சுற்றிச் சுற்றி வந்தது. ஒன்று தலையை மேல்மூலையில் முட்டியது. தீனி விழுந்த நொடியில் தற்செயலாக என்ன செய்துகொண்டிருந்ததோ, அதுதான் தீனியை வரவழைத்தது என்று அதற்கு ஒரு கணக்கு. பூனை பார்த்த நாளில் பஞ்சர் ஆனால் நினைவில் நிற்கிறது. பூனை பார்த்து, ஒன்றும் ஆகாமல், சாயங்காலம் வீட்டுக்கு வந்து சட்னி அரைத்த நாட்களை யார் எண்ணி வைக்கிறார்கள்? சுயமரியாதை இயக்கத்தார் ஒரு காலத்தில் வேண்டுமென்றே ராகு காலத்தில் திருமணம் வைத்தார்கள். அந்தத் தம்பதிகளின் பேரப்பிள்ளைகள் இப்போது நல்ல நேரம் பார்த்துத்தான் கார் வாங்குகிறார்கள் என்பது வேறு கதை.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். புயல் காலத்தில் கட்டுமரம் தள்ளுகிறவர், பிள்ளையை ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர், இவர்கள் வழியில் எதையாவது பார்த்து மனம் பதறி நின்றால் எனக்குச் சொல்ல எதுவும் இல்லை. கையில் வேறொன்றும் இல்லாதவர்கள் அவர்கள். காப்பீடும் சேமிப்பும் ஓய்வூதியமும் இருக்கிறவர் ஏ.சி. காருக்குள் உட்கார்ந்து நிற்பதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அடுத்த வாரம் மறுபடியும் விடியற்காலை ரயில். தெருமுனை டீக்கடையில் அந்த டிவிஎஸ் ஃபிஃப்டி நின்றது. பால் போடுகிறவர் பன்னை டீயில் முக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன்.

"அன்னிக்கு நாங்க எல்லாரும் நின்னோமே, நீங்க பாட்டுக்குப் போனீங்க. பூனையைப் பார்க்கலையா?"

"எந்தப் பூனை சார்? மூணாம் நம்பர் வீட்டுக் கறுப்பா?" என்றார். "அது நாலு மணிக்கே என் வண்டிச் சத்தம் கேட்டு இறங்கிடும். ஒழுகற பாக்கெட் இருந்தா ஒரு மூலையைக் கிழிச்சு வெப்பேன். நீங்கள்லாம் வர்றதுக்குள்ள ஆறு தடவை குறுக்க போயிருக்கும் சார் அது."

"உங்களுக்கு ஒண்ணும் தோணாதா?"

அவர் கடைசிப் பன் துண்டை வாயில் போட்டுக்கொண்டு வண்டியை உதைத்தார்.

"நின்னா பால் திரிஞ்சிடும் சார்."